உழாமல் போட்ட மக்காச்சோளம்: மூன்று வருடம் கழித்து

தலைவாசல் மச்சான் போன வாரம் போனில் கேட்டார், "ஓட்டாம போட்ட சோளம் எப்படி மாப்ள? நானும் உழவை விட்டுடலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று விடியற்காலைதான் ஒரு பட்டி ஆடு என் காட்டில் புகுந்து, கதிர் ஒடித்தபின் கிடந்த சோளத் தட்டையை, அதாவது காய்ந்த தண்டையும் இலையையும், மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

ஒன்றரை ஏக்கர் செம்மண், மானாவாரி. கதிரை ஒடித்ததும் தட்டையை வெட்டி அங்கேயே படுக்கப் போட்டுவிடுவேன். ஆடியில் மழை விழுந்தால் இரண்டடி வரிசையில் குச்சியால் குத்தி விதை ஊன்றுவது, அவ்வளவுதான் வேலை.

முதல் வருடம் நல்ல அடி. முழங்கால் உயரத்திலேயே பயிர் வெளுத்தது. தட்டை மக்கும்போது தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், அடியுரம் கூடுதலாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஏக்கருக்கு 22 மூட்டை எடுத்த காட்டில் 17. 2015-இல் நேச்சர் இதழில் 610 ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கும் உழாத நிலத்தில் சராசரியாக 5.7 சதவீதம் மகசூல் குறைவு என்றது. தட்டையால் மண்ணை மூடும் மூடாக்கும் பயிர் சுழற்சியும் சேர்ந்தால் வறண்ட மானாவாரியில் கூடுகிறது என்றும் அதிலேயே இருந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன வருடம் பூ எடுக்கும் நேரத்தில் பதினாறு நாள் மழையில்லை. பக்கத்து உழவுக் காட்டில் காலை பத்து மணிக்கே இலை சுருண்டது. என் காட்டில் மதியம் இரண்டு மணிக்கும் விரிந்தே நின்றது. தட்டையைப் புரட்டி விரலை விட்டேன். இரண்டு கணு இறங்கியது, மண் சில்லென்று இருந்தது, மண்புழு எரு உருண்டை உருண்டையாக. சோளம் குடிப்பதைக் குறைக்கவில்லை, வெயில் உறிஞ்சுவதுதான் குறைந்தது. 24 மூட்டை வந்தது.

ஆனால் எல்லாம் தட்டை கிடந்தால்தான். இல்லையென்றால் செம்மண் மழைக்கு ஓடு கட்டி, தண்ணீர் இறங்காமல் வழிந்து ஓடிவிடும். எங்கள் ஊரிலோ தை பிறந்துவிட்டால் காட்டில் கிடக்கும் தட்டை பொதுச் சொத்து. "சும்மாதானே கிடக்குது" என்று பெரியம்மா இரண்டு சுமை கட்டினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆட்டுக்காரரிடம் சத்தம் போட்டால், "புழுக்கை போட்டுட்டுத்தானே போகுது" என்கிறார். போதாததற்குச் சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. கோடை உழவு ஓட்டியிருந்தால் காக்கையாவது கொத்தியிருக்கும்.

மச்சானிடம் தாராளமாக விடுங்கள் என்றுதான் சொன்னேன். போனை வைத்த கையோடு டிராக்டருக்கும் சொல்லிவிட்டேன். ரோட்டோரத்து அரை ஏக்கருக்கு மட்டும், ஆடு நுழையும் பக்கம்.