மண்ணுக்கு மதிப்பெண்ணா, இடத்துக்கா?

அமெரிக்காவில், விளைநிலத்தை மனையாக்கும் உரிமையை மட்டும் உழவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கி, நிலம் விளைநிலமாகவே நீடிக்கச் செய்யும் மானியத் திட்டங்கள் உண்டு. அவற்றுக்கு வரும் விண்ணப்பங்களை எடைபோடவும் பயன்படுவது, வேளாண் துறை 1981-இல் கொண்டுவந்த ‘லீசா’ (LESA: நில மதிப்பீடு, இட மதிப்பீடு) முறை. அதில் இரண்டு கணக்குகள் உண்டு.

மண் கணக்கு 100 புள்ளி. மண் வரைபடத்தை வைத்தே சரிபார்த்துவிடலாம். 100 ஏக்கரில் 60 ஏக்கர் 90 புள்ளி மண், 40 ஏக்கர் 50 புள்ளி மண் என்றால் விடை 74. பரப்பைப் பாராமல் சராசரி எடுத்தால் 70 வரும். அந்த 4 புள்ளியில் நல்ல பண்ணை பட்டியலில் கீழே போய்விடும்.

இடக் கணக்கு வழக்கமாக 200 புள்ளி: பரப்பளவு, அக்கம்பக்க நிலங்கள், நகர நெருக்கம். சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மண் கணக்கில் ஏற்கெனவே அடங்கிய விளைச்சலை இதிலும் சேர்த்தால் ஒரே மண்ணுக்கு இருமுறை புள்ளி விழும். நகர நெருக்கத்துக்கே புள்ளியைக் குவித்தால், வீடுகளுக்கு நடுவே டிராக்டர் போக வழியில்லாத துண்டு நிலம் முதலிடம் பிடிக்கும்.

மண்ணில் குறைந்தபட்ச வரம்பு வைத்து, தேறியவற்றை மட்டும் இடக் கணக்கால் வரிசைப்படுத்துவதே சரி.