லிப்ரேகாட்டில அளவு போடுறது: பட்டறைக்குக் குடுக்கிற ட்ரோயிங்குக்கு இது காணுமா?

பரந்தன் சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு வெல்டிங் பட்டறைக்கு நான் ட்ரோயிங் கீறிக் குடுக்கிறனான். கேற், கிறில், தண்ணித் தாங்கி வைக்கிற ஸ்ராண்ட், காலபோக அறுப்புக்கு முன்னம் எண்டால் லான்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசினுக்குப் பின்னால கொழுவுற பெட்டிதான் கனக்க. மூண்டு வருசமா எல்லாம் லிப்ரேகாட் எண்ட, கொம்பியூட்டரில ட்ரோயிங் கீறுற மென்பொருளிலதான். அறிவியல் நகரில படிக்கிற பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கினம், படிக்கேக்க ஓட்டோகாட் மாணவர் கணக்கில ஃப்ரீயா இருக்கு, முடிச்சு வெளியில வந்தாப் பிறகு காசு கட்ட ஏலாது, லிப்ரேகாட் காணுமா அக்கா எண்டு. அவைக்காகத்தான் இதை எழுதுறன். அளவு போடுற பகுதியை மட்டும்தான் எழுதப்போறன், ஏனெண்டால் பட்டறையில ஆரும் கோட்டைப் பாத்து வெட்டுறேல்ல, பக்கத்தில போட்டிருக்கிற இலக்கத்தைப் பாத்துத்தான் வெட்டுறவை.

லிப்ரேகாட், கியூகாட் எண்ட இன்னொரு கீறுற மென்பொருளின்ர இலவசப் பதிப்பில இருந்து பிரிஞ்சு வந்தது, காசு இல்லை, பழைய லப்ரொப்பிலயும் ஓடும். டிமென்ஷன் மெனுவில அலைன்ட், லீனியர், கிடை, நிலைக்குத்து, ஆரை, விட்டம், கோணம், லீடர் எல்லாம் இருக்கு. கேற்றுக்கும் பெட்டிக்கும் இதுக்கு மேல ஒண்டும் தேவைப்படேல்ல எனக்கு. சரிவான கைதாங்கிக்கு அலைன்ட் பாவியுங்கோ, கிடையைப் பாவிச்சா சரிவின்ர நீளம் வராது, நிலத்தில விழுற தூரம்தான் வரும், அந்த நீளத்துக்கு பைப் வெட்டினால் எட்டாது.

முதல் தரம் திறக்கிற ஆக்கள் எல்லாரும் மாட்டுப்படுற இடம் அடி இஞ்சி. எங்கட ஆக்கள் மில்லிமீற்றரில கதைக்கிறேல்ல, பொக்ஸ் பாரும் (சதுர இரும்புக் குழாய்) ஒண்டரை இஞ்சி, 20 அடி எண்டுதான் கடையில கேக்கிறது. நீங்கள் 2286 எண்டு போட்டுக் குடுத்தால் பட்டறை அண்ணை ஃபோனை எடுத்து 25.4 ஆல பிரிச்சு 90 இஞ்சி எண்டு எடுத்து பிறகு ஏழரை அடி எண்டு சுண்ணாம்புக்கட்டியால தாளில எழுதுவார், அப்ப அங்க ஒரு பிழை விட இடம் வந்திட்டுது. கரண்ட் ட்ரோயிங் பிரிஃபரன்ஸஸுக்குப் போய் யூனிற்றை இஞ்சி ஆக்குங்கோ, ஃபோமற்றை ஆர்க்கிரெக்சரல் ஆக்குங்கோ, டிமென்ஷன் பக்கத்தில இருக்கிற ஃபோமற்றையும் மறக்காமல் மாத்துங்கோ. பிறகு 7 அடி 6 இஞ்சி எண்டு தானா விழும்.

ஆனா அதோட எழுத்தின்ர உயரத்தையும் பாக்க வேணும். எழுத்து உயரம் 2.5 எண்டு கிடந்தால் அது மில்லிமீற்றர் ட்ரோயிங்குக்குச் சரி, இஞ்சிக்கு மாத்தினால் அதே 2.5 இஞ்சி ஆயிடும், 1:10 ல பிறின்ற் எடுத்தால் தாளில கால் இஞ்சி உயரத்தில எழுத்து, அது ஆறு மில்லிமீற்றருக்கு மேல, ஒண்டோட ஒண்டு முட்டி ஒண்டையும் வாசிக்கேலாது. நான் 1:10 க்கு 1 எண்டு வைக்கிறனான், தாளில ரெண்டரை மில்லிமீற்றர் மட்டில வரும், வெல்டிங் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாக்கிறவருக்கும் வடிவா விளங்கும். அம்புக்குறியின்ர அளவையும் அப்பிடியே குறையுங்கோ. இல்லாட்டி ஜெனரல் ஸ்கேல் எண்டு ஒண்டு இருக்கு, அது எழுத்து, அம்பு, இடைவெளி எல்லாத்தையும் சேத்துப் பெருக்கும், அதை மட்டும் மாத்தினாலும் காணும்.

இனி நான் பட்ட விசயம். போன அறுப்புக்கு முன்னம் ஒரு பெட்டி, அகலம் 4 அடி எண்டு கீறி அளவெல்லாம் போட்டு முடிச்சாப் பிறகு ஆள் வந்து நாலரை வேணும் எண்டார். நான் பக்கச் சட்டத்தை மூவ் பண்ணி ஆறு இஞ்சி தள்ளினன், கோடு தள்ளுப்பட்டுது, அளவு பழைய இடத்திலயே நிண்டுது. இரவு பத்து மணி, நான் திருப்பிப் பாக்கேல்ல. விடிய அண்ணை குறுக்குச் சட்டம் ஏழும் 4 அடிக்கு வெட்டி முடிச்சிட்டார். துண்டுகளை மூலையில சாத்தி வைச்சிட்டு, “தங்கச்சி, தாளில என்ன கிடக்கோ அதைத்தானே நான் வெட்டுவன்” எண்டு மட்டும் சொன்னார். ரெண்டு பொக்ஸ் பாரின்ர காசை நான்தான் குடுத்தன், அவர் வேண்டாம் எண்டவர், எனக்கு மனம் கேக்கேல்ல.

ஓட்டோகாட்டில டிம்அசொக் எண்ட செற்றிங்கை 2 எண்டு வைச்சால் அளவு கோட்டோட கட்டுப்பட்டு நிக்கும், கோடு நகர்ந்தால் இலக்கமும் மாறும். லிப்ரேகாட்டில அந்தக் கட்டு இல்லை. மூவ் பண்ணாமல் ஸ்ட்ரெச் எடுத்து, அளவின்ர முனைப் புள்ளியையும் உள்ளுக்குள்ள சேத்துப் பெட்டி போட்டு இழுத்தால் ரெண்டும் சேந்து போகும். இப்ப நான் வேற ஒரு பழக்கமும் வைச்சிருக்கிறன், அளவு எல்லாத்தையும் தனி லேயரில போடுறது, ட்ரோயிங் மாறினால் அந்த லேயரை முழுக்க அழிச்சுத் திருப்பிப் போடுறது. அரை மணித்தியாலம் போகும். போகட்டும்.

கோட்டின்ர முனையைச் சரியாப் பிடிச்சுத் தாற எண்ட்பொயின்ற் ஸ்னாப் போடாமல் அளவு போடவே வேண்டாம். கண் மட்டத்தில கிளிக் பண்ணினால் 48 இஞ்சிக்குப் பதிலா 47.98 எண்டு எடுக்கும், நீங்கள் பதினாறில ஒண்டுக்கு வட்டமாக்கி வைச்சிருந்தால் திரையில 4 அடி எண்டுதான் காட்டும், பிழை ஒளிச்சுக்கொண்டு நிக்கும். இலக்கத்துக்கு மேல கையால வேற இலக்கம் எழுதுற லேபிள் பெட்டியும் இருக்கு, “2 துண்டு” மாதிரிக் குறிப்புக்குப் பாவியுங்கோ, அளவைத் திருத்தப் பாவியாதேங்கோ.

கிறில் கம்பிக்கு ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா 4 இஞ்சி, 4 இஞ்சி எண்டு போட்டுக்கொண்டு போகாதேங்கோ. ஒவ்வொண்டிலயும் பதினாறில ஒண்டு பிசகினால் பன்னிரண்டாவது கம்பியில முக்கால் இஞ்சி பிசகி நிக்கும். ஒரு விளிம்பில இருந்தே எல்லாத்தையும் அளக்க வைக்க வேணும். நான் பாவிக்கிற 2.2.0 ல இதுக்கெண்டு தனி பட்டன் இல்லை, கிடை அளவை எடுத்து ஒவ்வொரு முறையும் அதே இடப்பக்க விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போடுறன், கை நோகும், அதுக்குத்தான் லிப்ரேகாட்டுக்கு 5 புள்ளியில ஒண்டைக் குறைச்சு 4 குடுக்கிறன். சின்ன அளவு படத்துக்குக் கிட்ட, முழு நீளம் எல்லாத்துக்கும் வெளியில. ஒரு அளவை ஒருக்காத்தான் போடோணும், ட்ரோயிங்கில அளவு போடுறதுக்கான சர்வதேச நியமம் ஐஎஸ்ஓ 129-1 சொல்லுறதும் அதுதான், ரெண்டு இடத்தில போட்டு ஒண்டை மட்டும் திருத்தினால் எதை நம்புறது?

வெளியில இருந்து ஓட்டோகாட்டின்ர டிடபிள்யூஜி ஃபைல் வந்தால் டிஎக்ஸ்எஃப்ஆ சேவ் பண்ணி அனுப்பச் சொல்லுங்கோ, லிப்ரேகாட்டின்ர சொந்த ஃபைலே அதுதான். திறந்தாப் பிறகு அளவுகளை ஒருக்காப் பாருங்கோ.

பிறின்ற் பிரிவியூவில ஸ்கேலை 1:10 எண்டு வைச்சு பிடிஎஃப் எடுக்கிறன். எட்டடிப் பெட்டி ஏ4 தாளில படுக்கையா வடிவா அடங்கும். பிறின்ற் எடுக்கிற கொமினிக்கேசன் கடையில குடுக்கேக்க “ஃபிட்” போடாமல் அச்சுவல் சைஸில அடியுங்கோ அண்ணா எண்டு சொல்லோணும், நான் தாளின்ர கீழ்மூலையில தாளில 100 மில்லிமீற்றர் வாறமாதிரி ஒரு கோடு கீறி விடுறனான், கடையை விட்டு வெளிக்கிட முன்னம் அதில அடிமட்டத்தை வைச்சுப் பாப்பன்.