வர்க்கலா–ஆரம்போல் பாராகிளைடிங் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் விங்கை விரித்துப் பாருங்கள்

கோவையிலிருந்து நாலு பேர், ஒரு கார், ஏழு நாள், இரண்டு கடற்கரை. கேரளத்தின் வர்க்கலாவில் மூன்று நாள், கோவாவின் ஆரம்போலில் மூன்று நாள். விங் (தலைக்கு மேல் விரியும் பாராகிளைடர் துணி), ஹார்னஸ் (ஆள் உட்காரும் கட்டு), ரேடியோ, தங்குமிடம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 28,000 ரூபாய். நாலு பேரும் தனியாகப் பறக்கப் பயிற்சி முடித்தவர்கள், ஆனால் சொந்த விங் கிடையாது. ஜனவரி இரண்டாம் வாரம். வர்க்கலாவில் நாலு பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது மூன்றே கால் மணி நேரப் பறப்பு. ஆரம்போல் நடக்கவே இல்லை. கட்டிய 1,12,000 ரூபாயில் பத்துப் பைசா திரும்பவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவரின் பெயரைப் போடவில்லை. எங்கெங்கே கோட்டைவிட்டோம் என்பது மட்டும் இங்கே.

முதல் ஓட்டை நாள் கணக்கில். வர்க்கலாவிலிருந்து ஆரம்போலுக்கு தேசிய நெடுஞ்சாலை 66 வழியாகக் கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். சாலை அகலப்படுத்தும் வேலைக்காகத் திருப்பிவிட்ட இடங்களையும் சேர்த்தால் ஒரு நாளில் முடிகிற தூரமில்லை. கோவையிலிருந்து வர்க்கலா போகிற நாளும், ஆரம்போலிலிருந்து வீடு திரும்புகிற நாளும் தனி. ஏழு நாளில் ஆறு நாள் பறப்பு எப்படி வரும்? ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

இரண்டாவது ஓட்டை காற்றில். ‘காலை 8 முதல் மாலை 6 வரை பறக்கலாம்’ என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். வர்க்கலா கிளிஃப் இருபது முப்பது மீட்டர் உயரச் செம்பாறைச் சுவர். மேற்கே கடலிலிருந்து வரும் காற்று அதில் மோதி மேலே எழும் ஒடுங்கிய பட்டையில்தான் பறந்தாக வேண்டும். ஜனவரிக் காலையில் காற்று நேரெதிராகத் தரையிலிருந்து கடலுக்குப் போகும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதே காரணம். அந்த நேரத்தில் கிளிஃபின் முன்னால் தூக்கும் காற்று கிடையாது, சுழல் காற்றுதான். கடற்காற்று பிடிக்கப் பன்னிரண்டு, ஒரு மணி ஆகும். ஐந்தரைக்குள் தளர்ந்துவிடும். ஆக ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அதற்கு இரண்டு விங், நாலு பேர். இதில் டேண்டம் (பைலட்டோடு சேர்ந்து இருவராக) பறக்க வரிசையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்குத்தான் முதலிடம், ஏனென்றால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காசு வருவது அங்கேதான். டேக்-ஆஃப் இடமோ ஒன்றே ஒன்று. நாங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

காற்றளவையும் அவர்கள் யாரும் கையில் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. தரையில் காற்று மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் மணலில் இறங்கிவிட்டுப் படியேறி வர வேண்டியதுதான். 26ஐத் தாண்டினால் கிளிஃப் விளிம்புக்கு மேலே அது இன்னும் வேகமெடுக்கும். பயிற்சி விங்கின் சாதாரண வேகமே 36, 37தான். முன்னேற முடியாமல் நின்று, பிறகு பின்னால் தள்ளப்பட்டால் கடைக் கூரை, தென்னை, மின்கம்பி என்று எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2023 மார்ச்சில் வர்க்கலா பாபநாசம் கடற்கரையில் ஒரு டேண்டம் விங் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்தில் சிக்கி, இரண்டு பேர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தொங்கியது செய்திகளில் வந்ததே.

இனி விங்குகள். இதில்தான் நிஜமான ஏமாற்று.

நீல விங்கை மணலில் விரித்தோம். நடு செல்லின் (செல் என்பது விங்கின் காற்றறை) உட்புறம் தைத்திருக்க வேண்டிய லேபிளைக் காணோம். நாலு மூலையிலும் தையல் நூலின் துணுக்கு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது, கத்தரியால் வெட்டியதுபோல. விங்கின் அளவு, எடை வரம்பு, சீரியல் எண், தயாரித்த வருடம் எல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கும். அது இல்லாத விங்குக்குப் பிறந்த தேதியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்விளிம்பைத் தூக்கியதும் உள்ளே முறத்தில் அரிசி புரள்வதுபோல ஒரு சத்தம். நுனிவரை சரித்துக் கொட்டியதில் இரண்டு கைப்பிடி மணல். மணல் உள்ளே கிடந்து உரச உரசத் துணியின் மேல்பூச்சு தேயும். உப்புக் காற்றும் வெயிலும் மிச்சத்தை முடிக்கும். எங்கள் கணக்கில் கடற்கரையில் ஒரு சீசன், மலையில் மூன்று சீசனுக்குச் சமம்.

பூச்சு போயிற்றா என்று பார்க்கக் கருவி இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. மேல்துணியில், முன்விளிம்பை ஒட்டி, வெயில் அதிகம் படுகிற இடத்தில் ஒற்றைத் துணியை உதட்டோடு இறுக்கி ஊதுங்கள். நல்ல துணியில் மூச்சு முட்டிக்கொண்டு நிற்கும். நீல விங்கில் மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டது. பட்டறையில் போரோசிட்டி மீட்டரால், காற்று துணியைக் கடக்க ஆகும் நேரத்தை வினாடிக் கணக்கில் அளப்பார்கள். புதுத் துணி நூற்றுக்கணக்கில் காட்டும், பத்துப் பதினைந்துக்கு இறங்கிவிட்டால் ஆயுள் முடிந்தது. காற்று கசியும் விங் தலைக்கு மேல் ஏறாமல் பின்னாலேயே தொங்கும், சற்றே பிரேக் பிடித்தாலும் முன்னே பறக்காமல் அப்படியே கீழே உட்காரும்.

ஆரஞ்சு விங்கில் லேபிள் இருந்தது, கோளாறு லைனில், அதாவது விங்கையும் ஆளையும் இணைக்கும் கயிறுகளில். ஏ, சி ரைசர்களை (லைன்கள் ஹார்னஸோடு சேரும் பட்டைகள்; ஏ முன்வரிசை, சி பின்வரிசை) ஒன்றாகப் பிடித்து, லைன்களை ஒவ்வொன்றாக ஐந்து கிலோ இழுவையில் வைத்து ஸ்டீல் டேப்பால் அளந்தோம். பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசே இழுவைக்குப் போதும். தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் ஒரு சென்டிமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கலாம். இதில் சி லைன்கள் மூன்றரை சென்டிமீட்டர் குட்டை. டைனீமா என்ற செயற்கை இழையில் செய்த லைன் நனைந்து காய்ந்து, எடை தாங்காமல் கிடந்தால் சுருங்கும். முன்னால் இருக்கும் ஏ லைன்தான் அதிக எடை சுமப்பதால் அது சுருங்காது. விளைவு, விங் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பறக்கும், ஸ்டால், அதாவது தூக்கும் விசை அற்று விழுவது, சீக்கிரம் வரும். மெய்லான் (லைனை ரைசரோடு கோக்கும் வளையம்) பக்கம் சுருக்கு மாற்றிப் போட்டால் ஓரளவு சரிசெய்யலாம், அதையும் யாரும் தொட்டதில்லை.

எடையிலும் கோளாறு. ஆரஞ்சின் வரம்பு 85–105 கிலோ. இது ஆள், ஹார்னஸ், விங் எல்லாம் சேர்த்த எடை. எங்களில் ஒருவர் உடல் எடை 58, எல்லாம் கட்டிக்கொண்டும் 75தான் வந்தது. ‘லைட்டா இருந்தா நல்லா மிதப்பீங்க தம்பி’ என்றார் நடத்தியவரின் ஆள். மிதப்பது வாஸ்தவம், எடை குறைய வேகமும் குறைவதால் பின்னோக்கி.

அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட்டின் அட்டையில் கடைசியாக மடித்த வருடம் 2019. ஆறு மாதத்துக்கு, அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மடிக்க வேண்டியது அது. உள்ளே ரப்பர் பேண்டு இளகி லைனோடு ஒட்டிக்கிடந்தது. ஹார்னஸைக் கிளையில் தொங்கவிட்டு அதே தராசை ரிசர்வின் கைப்பிடியில் மாட்டி இழுத்தோம். ஏழு கிலோவுக்குள் வெளியே வந்திருக்க வேண்டும், பதினொன்றுக்கு மேல்தான் வந்தது. ‘இந்த உயரத்துல ரிசர்வ் எதுக்கு?’ என்றார்கள். குறைந்த உயரத்தில் திறக்க நேரமிருக்காது என்பது பாதி உண்மை. அதற்காக, இல்லாததை இருப்பதாகக் காட்டி வாடகை வாங்கலாமா?

லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. முதுகில் நுரைப்பலகை வைத்த ஹார்னஸ் தண்ணீரில் மிதக்கும்போது முதுகு மேலே, முகம் கீழே என்று ஆளைக் கவிழ்த்துவிடும். கடலில் விழ நேர்ந்தால் பக்கிள்களைத் திறந்து ஹார்னஸை விட்டு வெளியேறுவதுதான் முதல் வேலை. விங்கை விட்டுவிடுங்கள், அலையில் நீர் நிறைந்த துணி ஆளையும் சேர்த்து இழுக்கும்.

இவ்வளவும் இரண்டாம் நாள் காலை, காற்றுக்காகக் காத்திருந்த நேரத்தில் தெரிந்தவை. முதல் நாள் மாலை இதே விங்குகளில்தான் பறந்திருந்தோம், நினைத்தால் வயிறு கலங்குகிறது. வேறு விங் கேட்டோம். ‘நாளைக்கு வரும்’ என்றார்கள். வரவில்லை. மூன்றாம் நாள் இரவு, ஆரம்போலில் காற்று சரியில்லை, பயணம் ரத்து, வானிலைக்குப் பணம் திரும்பாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. 900 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இடத்தில் நாளை மறுநாள் வீசப்போகிற காற்று அதற்குள் எப்படித் தெரிந்ததோ.

பணம் கட்டும் முன்பே பதிவு எண் கேட்டபோது ஒரு பைலட்டின் டேண்டம் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அது அந்த ஆளின் தகுதி, நிறுவனத்தின் அனுமதி வேறு. கேரளத்தில் சாகசச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு மாநில சாகசச் சுற்றுலா மேம்பாட்டுச் சங்கத்தின் பதிவு உண்டு. எண்ணை வாங்கி நேரடியாக அங்கேயே கேளுங்கள். கோவாவின் கேரியில் 2025 ஜனவரியில் டேண்டம் விபத்தில் பயணியும் பைலட்டும் இறந்தபோதும் அனுமதி விவகாரம்தான் வழக்கானது.

பணம் யு.பி.ஐ.யில் ஒரு தனிநபர் கணக்குக்குப் போனது, ரசீதில் ‘டூர்’ என்ற ஒரே சொல். இருந்தும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் எடுத்துக்கொண்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. கோவையில் போட்டிருக்கிறோம். லேபிள் வெட்டிய தையல், அளவு டேப்போடு லைன், ரிசர்வ் அட்டை என எல்லாவற்றையும் அங்கேயே படமெடுத்து வைத்தது இப்போது கைகொடுக்கிறது. நோட்டீஸ் போனதும் 15,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று போன் வந்தது.

போன வாரம் நீல விங் விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘ஒரே சீசன் பறந்தது, 90,000’ என்று போட்டிருக்கிறார்கள். இடது நுனியிலிருந்து மூன்றாவது செல்லின் அடித்துணியில் உள்ளங்கை அளவு வெள்ளை ஒட்டு இருக்கும், வலது பிரேக் கைப்பிடி வேறு நிறம். யாராவது காட்டினால் நடு செல்லுக்குள் கையை விட்டு லேபிள் இருந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.