பிராட் மென்பொருளும் என் முதுகலை ஆய்வேடும்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

பேச்சொலியை அலசி அளக்க உதவும் பிராட் மென்பொருளை, மொழியியல் முதுகலை ஆய்வேட்டுக்காக முதன்முதலில் திறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வேடு முடிந்தது, வாய்மொழித் தேர்வும் முடிந்தது, ஆனாலும் வாரத்தில் நான்கு நாளாவது அதைத் திறக்கிறேன். முதல் மாதத்தில் எழுதியிருந்தால் வெறும் புலம்பலாக இருந்திருக்கும். ஆய்வேட்டை ஒப்படைத்த வாரத்தில் எழுதியிருந்தால் பாராட்டுப் பத்திரம் வாசித்திருப்பேன். இரண்டும் பொய்யாகியிருக்கும்.

என் தலைப்பு எளிமையானது. புளி, புள்ளி, கனி, கன்னி, பலி, பல்லி. இந்தச் சொற்களில் ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் உள்ள கால வேறுபாடு, ஒருவர் வேகமாகப் பேசும்போது என்ன ஆகிறது? பன்னிரண்டு பேர், பதினாறு சொற்கள், இரண்டு வேகங்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை. மொத்தம் 1152 உச்சரிப்புகள். ஒவ்வொன்றிலும் மெய் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, முடியும் இடத்தில் ஒரு கோடு. ஆய்வேட்டில் எழுதிய எல்லாக் கோட்பாடும் கடைசியில் இந்தக் கோடுகளில்தான் நிற்கிறது.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. டச்சு மொழியில் 'பிராட்' என்றால் பேச்சு. திறந்தவுடன் இரண்டு சாளரங்கள் வரும். ஒன்றில் நம் கோப்புகளின் பட்டியல். மற்றொன்று படம் வரைவதற்கு. எனக்குத் தெரிந்த எல்லோரும் முதல் ஆறு மாதங்களுக்கு இரண்டாவதை மூடிக்கொண்டே இருப்பார்கள். ஆய்வேட்டுக்கு வரைபடம் கேட்கும் வாரத்தில்தான் அதைத் தேடுவார்கள். தோற்றத்தில் அழகு எதுவும் இல்லை. ஆனால் பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், ஒரு மணி நேரப் பதிவையும் திணறாமல் காட்டும். உதவிக் கையேடு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்வது போலத் தெளிவாகவும் இருக்கிறது. நான் அதை ஒழுங்காகப் படித்தது பத்தாவது மாதத்தில். அந்தத் தாமதத்தின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

குறைகளில் முதலாவது, சேமிப்பு. பட்டியலில் தெரியும் எதுவும் வட்டில் இருப்பதாக அர்த்தம் இல்லை. அது நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. நாமாகச் சேமித்தால்தான் உண்டு. ஒரு மாலை முழுவதும் கோடு போட்டு, பேட்டரி தீர்ந்து, அத்தனையையும் இழந்தேன். நான் அப்போது வைத்திருந்த பதிப்பில் பின்வாங்கும் வசதியும் ஒரே ஒரு படிதான். இந்த விஷயத்தில் ஈலான் எவ்வளவோ மேல். மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் உருவான அந்த மென்பொருளில், இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே காப்புப் பிரதி எடு என்று சொல்லி வைக்கலாம். உரையாடலையும் காணொளியையும் எழுத்தில் பெயர்ப்பவர்களுக்கு ஈலான்தான் என் பரிந்துரை. எனக்கு வேண்டியதோ மில்லிநொடிக் கணக்கும், ஒலியின் அலைவெண்கள் நேரத்தோடு மாறுவதைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமும். இரண்டே மாதத்தில் ஈலானை விட்டுவிட்டேன்.

இரண்டாவது குறையை மென்பொருளின் குறை என்று சொல்வது நியாயமா என்று இன்றும் தெரியவில்லை. அது எதையும் கேட்பதில்லை. ஃபார்மண்ட்களை, அதாவது குரலில் வலுவாக ஒலிக்கும் அலைவெண் பகுதிகளை, காட்டச் சொன்னால் உடனே சிவப்புப் புள்ளிகளாக வரைந்து காட்டிவிடும். எந்த அளவுருக்களை வைத்து வரைந்தது என்பது பட்டியின் அடுக்கில் மறைந்திருக்கும். ஃபார்மண்ட் தேடலின் மேல் எல்லை 5500 ஹெர்ட்ஸ் என்று வைத்துத்தான் வருகிறது. அது வயது வந்த பெண்களின் குரலுக்குப் பொருந்தும் மதிப்பு. ஆண்களுக்கு 5000 என்று கையேடே சொல்கிறது. என் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ஆண்கள். ஆணின் குரலுக்கு 5500 வைத்தால் கீழ்ப்பகுதியில் இரண்டு ஃபார்மண்ட்களை ஒன்றாகவே காட்டிவிடும் வாய்ப்பு உண்டு. 'உ' போன்ற உயிர்களில் இது அடிக்கடி நடக்கும். புளி, புள்ளி இரண்டிலும் இருப்பது 'உ'. பத்து மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளிகளில் ஒரு பகுதி, வேறு யாரோ வேறு யாருக்கோ வைத்த மதிப்பில் வரையப்பட்டவை.

கால அளவைத்தானே அளக்கிறோம், ஃபார்மண்ட் எப்படிப் போனால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். 'ன' வரும் இடங்களில் அது உண்மைதான். உயிரிலிருந்து மூக்கொலிக்கு மாறும் இடத்தில் ஒலியின் வலிமை படியிறங்குவது போலக் குறையும்; குழந்தையும் கோடு போடும். 'ள' அப்படியில்லை. நாக்கு மேல்நோக்கி வளையத் தொடங்கியதுமே, முன்னுள்ள உயிருக்குள்ளேயே மூன்றாம் ஃபார்மண்ட் சரிய ஆரம்பித்துவிடும். சரிவு தொடங்கும் இடத்தில் கோடு போடுவதா, நடுவிலா, சரிந்து முடிந்து நிலைபெறும் இடத்திலா? எந்த விடையிலும் தவறில்லை. ஆனால் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகக் கோடு போட்டால் ஆய்வேடு இல்லை.

நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பத்தில் ஒரு பங்கு உச்சரிப்புகளை ஆறு வாரம் கழித்து, பழைய கோடுகளைப் பார்க்காமல் மறுபடி குறித்துப் பார்க்கச் சொன்னார் நெறியாளர். 'ன' வந்த சொற்களில் ஓரிரு மில்லிநொடி வித்தியாசம். 'ள' வந்தவற்றில் அதைப் போலப் பல மடங்கு. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்து, மேலே தேதியைப் போட்டு, "ள: மூன்றாம் ஃபார்மண்டின் சரிவு நிலைபெறும் இடம். ஆண்களுக்கு மேல் எல்லை 5000" என்று எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து குறித்தேன். ஐந்து வாரங்கள் போயின. அந்தக் கோப்பு முடிவில் பதினொரு பக்கம் ஆனது. ஐயத்துக்கிடமான ஒவ்வோர் உச்சரிப்புக்கும் ஒரு வரி.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. வேர்டில் எழுதிக்கொண்டிருந்ததை மூன்றாம் இயலில் நிறுத்தி, கட்டளைகளால் பக்கத்தை அமைக்கும் லாடெக்குக்கு மாறினேன். தமிழ் எழுத்தும் ஒலிக்குறிகளும் ஒரே வரியில் வர வேண்டுமென்றால் அதன் இன்னொரு வடிவமான ஸீலாடெக் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் வீணானது. பிறகு தொல்லையே இல்லை. மேற்கோள் நூல்களைத் தொகுத்து வைக்கும் சோட்டீரோ நன்று, ஆனால் எல்லோருக்கும் குடும்பப்பெயர் உண்டு என்று அது நம்புகிறது. தலைப்பெழுத்தும் இயற்பெயருமாக எழுதும் நம் ஆசிரியர்களை இரண்டு கட்டங்களில் பிரித்துப் போட்டு, துணைநூற்பட்டியலில் அவர்களைத் தலைகீழாக நிற்க வைக்கும். பெயரை ஒரே கட்டத்தில் எழுதும் வசதி பக்கத்துச் சிறு பொத்தானில் இருக்கிறது. அதை முதல் நாளே அழுத்திவிடுங்கள். புள்ளியியலுக்கு ஆர் என்னும் நிரல்மொழி. ஒருவரே பல முறை உச்சரித்தவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது என்பதால் கலப்பு விளைவு மாதிரி தேவைப்பட்டது. மாதிரியைக் கொஞ்சம் சிக்கலாக்கினாலும் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கைகளை நான் மதிக்கிறேன். பிராட்டுக்கும் அந்தப் பழக்கம் இருந்திருக்கலாம்.

வாய்மொழித் தேர்வு ஐம்பது நிமிடம் நடந்தது. முடிவுகள் இயலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. நான் அதிகம் தயாரித்திருந்தது அதைத்தான். புறத்தேர்வாளர் தொடங்கியதே வேறு இடத்தில். "மெய்க்கு அரை மாத்திரை என்கிறது தொல்காப்பியம். நீங்கள் மில்லிநொடியில் அளந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றையா அளக்கின்றன?" மாத்திரை என்பது ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவு, கடிகார நேரம் அன்று, ஆகவே நான் பார்க்க வேண்டியது மில்லிநொடியை அன்று, பக்கத்து உயிரோடு மெய்க்கு உள்ள விகிதத்தை என்றேன். தலையசைத்தார். அந்த விடை ஆய்வேட்டில் இல்லை, அங்கேயே தோன்றியது. முன்பே தோன்றியிருந்தால் இரண்டாம் இயல் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு, "'புள்ளி' என்ற சொல்லின் ஏதாவது ஓர் உச்சரிப்பைத் திறந்து காட்டுங்கள்" என்றார். ஏழாவது பேச்சாளரின் கோப்பைத் திறந்தேன். திரையைச் சற்று நேரம் பார்த்தவர், "இந்தக் கோட்டை ஏன் இங்கே போட்டீர்கள்? சரிவு நிலைபெறும் இடம் என்று மூன்றாம் இயலில் எழுதியிருக்கிறீர்கள். இது சரிவின் தொடக்கத்தில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. உள்ளங்கை வியர்த்தது. என் கணினியில் 'கடைசி', 'கடைசி2' என்று இரண்டு அடைவுகள் இருந்தன. பதற்றத்தில் பழையதைத் திறந்திருந்தேன். விளக்கிச் சொன்னாலும் சாக்குப்போக்கு போலத்தான் கேட்டது. அந்தப் பதினொரு பக்கக் கோப்பைத் திறந்து, அந்த உச்சரிப்புக்கான வரியைக் காட்டினேன்: தேதி, பழைய இடம், புதிய இடம், மாற்றிய காரணம். பிறகு புதிய அடைவில் அதே சொல்லைத் திறந்தேன். கோடு இடம் மாறியிருந்தது. அவர் அந்தக் கோப்பை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் படித்தார். அறையில் யாரும் பேசவில்லை. "இது ஏன் பின்னிணைப்பில் இல்லை?" என்பதுதான் அடுத்த கேள்வி.

சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். திருத்தங்களில் முதலாவது, அந்தப் பின்னிணைப்பு.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் என் மதிப்பீடு இது: ஒலியியலுக்குப் பிராட்டை விட நல்லதை நான் பார்க்கவில்லை, பார்க்கப் போவதாகவும் தெரியவில்லை. அதன் நிரல்மொழி விசித்திரமானது, ஆனால் 1152 உச்சரிப்புகளின் கால அளவையும் ஒரே சொடுக்கில் அட்டவணையாக்கித் தந்தது அதுதான். அடைவுகளுக்கு இப்போது தேதியைத்தான் பெயராக வைக்கிறேன்.

போன மாதம் இளைய மாணவி ஒருவர் அந்த நிரலைக் கேட்டு எழுதியிருந்தார். குறிப்புக் கோப்பை முதலில் அனுப்பி, இதைப் படித்த பிறகு நிரலை அனுப்புகிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மிக்க நன்றி. படித்துவிட்டேன். நிரலை அனுப்புகிறீர்களா?"