‘எ சைலண்ட் வாய்ஸ்’ மங்கா: பலூனை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்

‘எ சைலண்ட் வாய்ஸ்’ படத்தைப் பார்த்தாகிவிட்டது, மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. அவர்கள்தான் இதை அவசியம் படிக்க வேண்டும். யோஷிடோகி ஓயிமா 2013–14இல் தொடராக வரைந்த இந்தக் கதை 62 அத்தியாயங்கள், 7 தொகுதிகள். 2016இல் வந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படம் 2 மணி 10 நிமிடம். நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கும் பகுதி அதில் அடியோடு இல்லை. மங்கா பள்ளி முடிந்த பிறகும் தொடர்கிறது. படம் பள்ளி விழாவோடு நின்றுவிடுகிறது.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும், காது கேளாத சிறுமி ஷோகோவை, அதே வகுப்புப் பையன் ஷோயா பாடாய்ப்படுத்துகிறான். ஐந்து மாதத்தில் எட்டு ஹியரிங் எய்ட் பாழ், நஷ்டம் 17 லட்சம் யென். விவகாரம் வெடித்ததும், கூடச் சேர்ந்து சிரித்தவர்கள் பழி முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறார்கள். வளர்ந்த ஷோயா அவளைத் தேடிப் போகிறான்.

ஓயிமாவின் கெட்டிக்காரத்தனம் பேனலுக்குள், அதாவது ஒவ்வொரு படக்கட்டத்துக்குள்ளும் இருக்கிறது. யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாத ஷோயாவின் கண்ணுக்கு எல்லார் முகத்திலும் பெரிய பெருக்கல் குறி. நட்பு துளிர்க்கும்போது அது உரிந்து விழுகிறது. சைகை மொழியிலும் அதே நுணுக்கம். சிறுமி ஷோகோ இரு கைகளையும் கோத்துக் காட்டுகிறாள். ஜப்பானிய சைகை மொழியில் அது ‘நண்பர்’. ஷோயாவுக்கு அன்று அது புரியாது. பிற்பாடு அதே சைகையை அவன் செய்து காட்டும் பேனலில் விரல்களை நிதானமாகப் பாருங்கள். வசனம் எழுதியிருக்கும் பலூனை மட்டும் படித்துப் பக்கம் புரட்டுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

மூன்றாம் தொகுதியில் ஷோகோ வாய்விட்டுச் சொல்லும் ‘சுகி’ (பிடிக்கும்) ஷோயாவின் காதில் ‘த்சுகி’ (நிலா) என்று விழுகிறது. ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்தக் காட்சி ஒட்டும்.

எல்லாவற்றிலும் சிறந்தது ஆறாம் தொகுதி. அத்தியாயத்துக்கு ஒருவராகக் கதை கை மாறுகிறது. ஷோகோவின் முறை வரும்போது பலூனில் எழுத்துகள் பாதி அழிந்து கிடக்கின்றன. அவளுக்கு எட்டுகிற அளவுதான் நமக்கும் எட்டும். அழிந்ததை ஊகித்து நிரப்பப் பார்க்காதீர்கள். அந்தத் திணறலைத் தரத்தான் அப்படி வரைந்திருக்கிறார்.

குறையும் உண்டு. மஷிபா என்ற பாத்திரம் கடைசிவரை அரைகுறைதான். நடுவில் குறும்பட வேலை கொஞ்சம் இழுக்கிறது. ஆனாலும் அந்த இழுவையில்தான் பழைய மனக்கசப்புகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன, அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

வாங்குகிறவர்கள் முதல் இரண்டு தொகுதிகளையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் தொகுதி ஏறக்குறைய முழுவதும் வகுப்பறைக் கொடுமை. அதோடு நிறுத்தினால் கதையைப் பற்றித் தவறான எண்ணமே மிஞ்சும். போன் திரையில் விரல் அசைவு சரியாகத் தெரியாது, டேப்லெட்டோ அச்சுப் புத்தகமோதான் சரி. பேனலும் பலூனும் வலமிருந்து இடமாக ஓடும். கதையில் தற்கொலை முயற்சி வருகிறது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குமுன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஐந்தாம் தொகுதி முடியும் இடம் அப்படிப்பட்டது, ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தொடங்குங்கள்.