குளோபல் ஃபிஷிங் வாட்ச் வரைபடம்: பெரிய கப்பலுக்கு சரி, நம்ம படகுக்கு?

எந்தக் கடலில் யார் மீன் பிடிக்கிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்க, இப்போதைக்கு குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்ற இந்த இணைய வரைபடத்தைவிட நல்லது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. காசு கிடையாது, பிரவுசரில் திறந்தால் போதும். 2016ல் கடல் பாதுகாப்பு அமைப்பான ஓசியானா, செயற்கைக்கோள் படங்களை வைத்து சுற்றுச்சூழலைக் கண்காணிக்கும் ஸ்கைட்ரூத், கூகுள் மூன்றும் சேர்ந்து வெளியிட்டது, இப்போது லாப நோக்கமில்லாத தனி அமைப்பு நடத்துகிறது. ஆனால் ராமேஸ்வரம் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்கத் திறந்தீர்களென்றால் ஏமாந்துதான் போவீர்கள்.

கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க ஏஐஎஸ் என்று ஒரு கருவி உண்டு, பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் அதுபாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதை செயற்கைக்கோளில் பிடித்து, கப்பல் நகரும் விதத்தை வைத்தே இது இழுவைமடி, இது சுருக்குமடி, இது ஆயிரங்கால் தூண்டில் என்று மீன்பிடி முறை வாரியாகக் கணினி பிரிக்கிறது. சும்மா பயணம் போகிறதா, வலை போட்டிருக்கிறதா என்பதையும் அதுதான் ஊகிக்கிறது. ஊகம்தான், சில சமயம் தப்பும்.

இதன் அருமை தெரிய, வரைபடத்தில் பசிபிக் கடலில் ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளுக்குப் போங்கள். நாட்டுக் கடல் எல்லை அடுக்கைப் போட்டுக்கொண்டு, கீழே இருக்கும் காலப்பட்டையை 2020 ஜூலை, ஆகஸ்டுக்கு இழுத்து வையுங்கள். ஊசிக்கணவாய் பிடிக்க வந்த ஏறக்குறைய 300 சீனக் கப்பல்கள் ஈக்வடாரின் 200 கடல் மைல் எல்லைக்கு வெளியே அப்பிக்கொண்டு நிற்பது தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் மீனுக்குக் கோடு தெரியுமா என்ன! செய்தியில் பத்துத் தடவை படித்தாலும் வராத கோபம் இதைப் பார்த்தால் வரும்.

இந்த மாதிரித் தரவு வழக்குக்கும் உதவியிருக்கிறது. பசிபிக் தீவு நாடான கிரிபட்டி தன் ஃபீனிக்ஸ் தீவுகள் காப்பகத்தில் 2015 ஜனவரி 1 முதல் வணிக மீன்பிடிப்பை நிறுத்தியது. அதே வருடம் உள்ளே புகுந்து மீன் பிடித்த ஒரு கப்பலுக்கு எதிராக ஏஐஎஸ் பதிவும் சாட்சியாக நின்றது, அபராதமும் நன்கொடையுமாக 20 லட்சம் டாலர் வாங்கிவிட்டார்கள்.

இனி குறைகள். ஏஐஎஸ் கட்டாயம் என்பதெல்லாம் பெரிய கப்பல்களுக்குத்தான், சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிக் கப்பல்களுக்கும் உண்டு. வள்ளமும் நாட்டுப்படகும் இதில் எங்கே வரும்? பெரியவர்களிலும் வேண்டாதபோது அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய 75 சதவீதம் பொதுக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை என்று 2024ல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதியவர்களே இந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள்தான், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காகத்தான் ரேடார் படம், இரவு வெளிச்சம் இரண்டையும் தனி அடுக்குகளாகச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் ரேடாரிலும் சின்னப் படகுகள் பெரும்பாலும் தப்பிவிடும். நம் அரசு 1 லட்சம் படகுகளுக்கு படகு இருக்கும் இடத்தைச் சொல்லும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் கருவி கொடுக்கும் திட்டம் வேறு, அந்தத் தகவல் அரசின் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போவது, இங்கே வராது. அதனால் தயவுசெய்து, பாக் நீரிணை காலியாகத் தெரிகிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு எல்லைச் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். புள்ளி இல்லை என்றால் படகு இல்லை என்று அர்த்தமில்லை.

அப்புறம், தரவு சில நாள் தாமதமாகத்தான் வரும், இதைப் பார்த்து யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. ஒரு கடல் பகுதியைக் கோடு போட்டு அடைத்து, அதற்குள் எத்தனை மணி நேரம் மீன்பிடிப்பு நடந்தது என்று அறிக்கை எடுக்கும் வசதி மட்டும் பிரமாதம், ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அதற்காகவே சிபாரிசு செய்வேன். தமிழில் கிடையாது.

நாளைக்குக் கடலுக்குப் போகிறவருக்கு மீன் எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பைப் பாருங்கள், அது தமிழிலேயே வருகிறது, அதுவும் இலவசம்தான்.