புளியமரத்தடி சைக்கிள் கடையின் சனிக்கிழமை வகுப்பு

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, புளியமரத்தடிக் கடை என்றால்தான் தெரியும். சனிக்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே ரிப்பேர் வேலை சொல்லித் தருகிறார்கள். மாதம் 200 ரூபாய். ஒட்டு, சொல்யூஷன், கிரீஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு என் மகள் மூன்று மாதமாகப் போய்வருகிறாள்.

அவள் முன்பு படித்த பள்ளியிலும் கைத்தொழில் வகுப்பு என்று ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் கணக்கு நடத்தினார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுத்ததில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இங்கே சேர்த்தேன்.

முதல் நாளே பஞ்சர்தான். ஆனால் டயரைக் கழற்ற விடவில்லை. காற்று இறங்கியிருந்தால் முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைக்கச் சொன்னார் கடைக்கார அண்ணன். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் நைந்துபோயிருக்கிறது; சில்லறைக் காசில் முடிகிற வேலை. அன்று பஞ்சர் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பாட்டிக்கும் அதுதான் கோளாறு. வால்டியூபை மாற்றி, அதற்கு மட்டும் காசு வாங்கினார். பிள்ளைகள் எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மகள் முதலில் சொன்னது அதைத்தான்.

அடுத்த வாரம் அவளே ஒட்டினாள். டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் காயும்வரை பொறுத்திருந்து ஒட்டு வைத்தாள். சாயங்காலமே மறுபடி காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போனோம். அண்ணன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்த்தார்.

“கருவேல முள்ளு உள்ளயே இருக்கு ஆத்தா. நீதானே ஒட்டுன, நீயே கழட்டு.”

“இருட்டிருச்சு மாமா, நீங்களே பண்ணிக் குடுத்துருங்களேன்.”

“லைட்டப் போடுறேன், பாரு.”

முக்கால் மணி நேரம் ஆனது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கையே வைக்கவில்லை. கழற்றும்போது அழுகிற முகமாக இருந்தவள், நட்டை முறுக்கி முடித்தபோது என்னை வண்டியைத் தொடக்கூட விடவில்லை. இப்போதெல்லாம் முள்ளைத் தேடாமல் டியூபை உள்ளே வைப்பதே இல்லை.

சக்கரத்தின் கோணலை நிமிர்த்துகிற, கோட்டம் எடுக்கும் பாடம் இன்னும் நன்றாக இருந்தது. கடையில் கிடக்கும் பழைய கறுப்பு வண்டியில் முன் சக்கரத்தில் 32 கம்பி, பின்னால் 40. பாரம் பின்னால்தான் விழுகிறது, அதனால்தான் என்று பிள்ளைகளே எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். ரிம் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் கூடாது. பொறுமையில்லாத என் மகளுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கு இரண்டே ஸ்பேனர் செட். வரிசையில் நின்றே பாதி நேரம் போய்விடுகிறது. கழிப்பறை இல்லை, பெண் பிள்ளைகளை அனுப்பும்போது இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. செயின், ஃபிரீவீல் பாடத்தை ஒரே நாளில் ஓட்டிவிட்டார்கள், அவளுக்குப் பிடிபடவில்லை. பதினோரு மணிக்கு மேல் மரத்து நிழலும் நகர்ந்துவிடும். பழைய துணி போட்டு, எட்டரைக்கே அனுப்பிவிடுங்கள்.

என் அம்மா சைக்கிள் கற்றது 1991-இல், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கக் காலத்தில். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பார் வைத்த ஆண்கள் வண்டியில் அம்மா என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். ஆனால் பஞ்சர் என்றால் அப்பா வரும்வரை வண்டி திண்ணையில் சாய்ந்தே கிடக்கும். ஓட்டக் கற்றவருக்குக் கழற்ற யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வண்டி இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் ஓவராயில் பாடம். பேரிங் பால்ஸை எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும். அம்மாவின் வண்டியைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கொண்டு வாங்க, பேத்தியே பிரிக்கட்டும் என்றார் அண்ணன். அம்மாவும் கூட வருகிறாராம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க.